இடதுகைக்காரர் கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது?

கேள்வி: வயது 36. எழுதுவது, எறிவது எல்லாம் எனக்கு இடதுகை. சாப்பிடுவது மட்டும் பாட்டி அதட்டித் திருத்தியதால் வலதுகை. இரண்டு மாதமாக அலுவலக நண்பர்களோடு கோல்ஃப் அடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சுக்குப் போகிறேன். அங்கே வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் வலதுகை மட்டைகள்தான். கோச்சும், ‘வலதுலயே பழகிடுங்க, அதுதான் வசதி’ என்கிறார். அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. தொடர்வதா, இடதுகை செட் வாங்குவதா?

பதில்: பந்து வலப்பக்கம் வளைவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஸ்லைஸ். பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வெளியே திரும்பித் திறந்து கிடப்பதால் வருவது. வலதுகைக்காரர்களே பாதிப் பேர் முதல் வருடம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நாளைக்கே இடப்பக்கம் மாறினாலும் அது போய்விடாது. பந்து இடதாக வளையும், அவ்வளவுதான்.

பேனா பிடிக்கும் கை வேறு, இரண்டு கையாலும் மட்டையைச் சுழற்றும் பக்கம் வேறு. டெண்டுல்கர் எழுதுவது இடதுகையால், ஆடியது வலதுகை ஆட்டம். கங்குலி அப்படியே தலைகீழ். கோல்ஃபில் இந்த வேடிக்கை இன்னும் அதிகம். கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளை ‘மேஜர்’ என்பார்கள். அந்தப் பட்டம் வென்ற முதல் இடதுகை ஆட்டக்காரர் நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ், 1963 பிரிட்டிஷ் ஓபனில். பிறவியில் அவர் வலதுகைக்காரர். அப்பா, அம்மா இரண்டு பேரும் இடப்பக்கம் ஆடியதால் வீட்டில் கிடந்த மட்டைகள் அப்படி. ஆறு மேஜர் வென்ற ஃபில் மிக்கல்சனும் மற்ற வேலைக்கெல்லாம் வலதுகைதான். குழந்தையாக அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் தெரிவதைப் போல அவர் வீச்சைப் பார்த்துச் செய்தார். அந்தப் பக்கமே நிலைத்துவிட்டது. எதிர்த்திசையில் ஜோர்டன் ஸ்பீத் இருக்கிறார். இடதுகைக்காரர், வலப்பக்கம் ஆடி மூன்று மேஜர் எடுத்தவர். ஆக, உங்கள் கோச் சொன்னது முழுக்கத் தப்பில்லை. காரணம்தான் தப்பு. ரேஞ்சில் மட்டை இல்லை என்பதற்காக யாரும் பக்கம் மாறக் கூடாது.

உங்கள் பக்கம் எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். தெரு கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் நின்று பேட் செய்தீர்கள்? வலப்பக்கம் நின்று பல வருடம் ஆடியிருந்தால் கோல்ஃபிலும் வலதே இருக்கட்டும். ஸ்லைஸை மட்டும் சரிசெய்தால் போதும். கிரிக்கெட் ஆடியதே இல்லையா? சரி, மொட்டைமாடிக்குப் போங்கள். ஒரு மட்டையைத் தலைகீழாக, தலைப்பக்கத்துக் கம்பியில் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என்று காற்றிலேயே வீசுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘விஷ்’ என்ற சத்தம் எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதைத் தாண்டியோ வந்தால் அது உங்கள் பக்கம். பந்துக்கு முன்பே, பின்னால் இருக்கும் தொடையருகிலேயே சத்தம் தீர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் உங்கள் உடம்பு இடறுகிறது. அப்புறம் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போக விடுகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு கல்லை எறிந்து பாருங்கள். ஏறக்குறைய அந்த அசைவைத்தான் மட்டையில் கீழே பிடிக்கும் கை கோல்ஃபிலும் செய்கிறது. இரண்டு சோதனையும் இடது என்று சொன்னால், இரண்டு மாதப் பழக்கம் ஒரு பொருட்டே இல்லை, மாறிவிடுங்கள்.

மாறினால் முழு செட் வேண்டாம். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அத்தனையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு), ஒரு வெட்ஜ் (கிட்டத்தில் தூக்கி அடிக்க), ஒரு ஹைபிரிட் (தொலைவுக்கு), ஒரு பட்டர் (குழிக்குள் உருட்ட), நான்கும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் நல்லது. பந்தை உருட்டும்போது மட்டும் வலப்பக்கம்தான் வசதி என்று தோன்றினால் வலதுகை பட்டரே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பையில் இரண்டு வகையும் இருக்க விதியில் தடையில்லை. இரண்டு பக்கமும் ஒரேபோல முகம் உள்ள பட்டருக்கும் அனுமதி உண்டு, ஆனால் பட்டருக்கு மட்டும்தான்.

கையுறையில் ஏமாறாதீர்கள். நானே ஏமாந்திருக்கிறேன். உறையில் ‘லெஃப்ட்’ என்று பார்த்ததும் ஆசையாக வாங்கி வந்தேன். அது இடதுகையில் மாட்டுவது, அதாவது வலதுகை ஆட்டக்காரருக்கானது. கையுறை மேலே பிடிக்கும் கைக்கு. இடப்பக்கம் ஆடும்போது மேலே இருப்பது வலதுகை.

பாடம் கேட்கும்போது கோச்சுக்குப் பக்கத்தில் நிற்காமல் எதிரே நில்லுங்கள், மிக்கல்சன் நின்ற மாதிரி. அவர் ‘இடது முழங்கை மடங்கக் கூடாது’ என்றால் உங்களுக்கு அது வலது முழங்கை. வீடியோ பார்த்துப் பழகினால் போனில் இடவலம் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மைதானங்கள் எல்லாம் இடதுகைக்கு எதிரி என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஆகஸ்டா மைதானத்தில் பல குழிகளுக்கான பாதை இடப்பக்கம் வளைகிறது. அதற்கேற்ப வலதுகைக்காரர் பந்தை உள்ளே, அதாவது தன் பக்கமாக வளைக்க வேண்டும். இடதுகைக்காரருக்கு, கட்டுப்படுத்தச் சுலபமான வெளிவளைவே போதும். அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியில் 2003 முதல் 2014 வரை 12 வருடத்தில் ஆறு முறை இடதுகை ஆட்டம்தான் வென்றது: மைக் வியர் ஒரு முறை, மிக்கல்சன் மூன்று முறை, பபா வாட்சன் இரண்டு முறை. இவர்களில் வாட்சன் பிறவியிலேயே இடதுகைக்காரர்.

ரேஞ்சில் இடம் பிடிக்கும்போது, பந்து போகும் திசையைப் பார்த்து வலது கோடியில் இருக்கும் கட்டத்தைக் கேளுங்கள். நடுவில் நின்றால் ஒரு பக்கத்து ஆளின் முதுகும் உங்கள் முதுகும் நெருங்கி நிற்கும், மட்டை பின்னால் போகும்போது ஆபத்து. கோடியில் அந்தத் தொல்லை இல்லை. என்ன, அடுத்த கட்டத்துக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டியிருக்கும்.