தத்துவம் படிச்சா காசு வருமா?

கேள்வி: என் பொண்ணு ஸ்கூல் முடிக்கப் போறா, மார்க்கெல்லாம் நல்லாத்தான் வருது, ஆனா தத்துவம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. லோன் போட்டுதான் படிக்க வைக்கணும். சொந்தக்காரங்க “அது சோறு போடுமா”ன்னு கேக்கறாங்க. அவளோ தத்துவம் படிச்சு கோடீஸ்வரன் ஆனவங்க லிஸ்ட் ஒண்ணைக் காட்டறா. காசு கணக்குல மட்டும் பாத்தா இந்த டிகிரி தேறுமா?
– ஒரு அம்மா

பதில்: அம்மா, முதல்ல அந்த லிஸ்ட்டை ஓரமா வைங்க. ஜார்ஜ் சோரோஸ், கார்ல் ஐகான், பீட்டர் தீல், ஸ்லாக் கம்பெனிய ஆரம்பிச்ச ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட், இவங்கதான இருப்பாங்க? எல்லாருமே தத்துவம் படிச்சவங்கதான், பொய் இல்ல. ஆனா கரை ஏறினவங்க பேருதான் லிஸ்ட்ல வரும், அதே கிளாஸ்ல பக்கத்து பெஞ்சுல இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் எழுதி வைக்கறதில்ல. உங்க கணக்குக்கு வேண்டியது நடுவுல இருக்கற ஆளோட சம்பளம்.

அதுக்கு எனக்குப் பிடிச்ச ஒரு உதாரணம் இருக்கு. 2008ல பேஸ்கேல்ங்கற அமெரிக்க சம்பள நிறுவனத்தோட கணக்கு வந்துச்சு, இளங்கலையோட நிறுத்தினவங்கள மட்டும் எடுத்துப் பாத்தாங்க. தத்துவம் படிச்சவங்க ஆரம்பத்துல வருஷத்துக்கு சுமார் 39,900 டாலர், அனுபவம் வந்த பிறகு 81,200. நர்சிங் படிச்சவங்க 54,200ல ஆரம்பிச்சு 67,000. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் 61,400ல ஆரம்பிச்சு ஒரு லட்சத்தைத் தாண்டிருச்சு. ஆக உங்க சொந்தக்காரங்க சொல்றதும் முழுசா சரியில்ல, ஏன்னா அவங்க முதல் மாச சம்பளத்தை மட்டும் பாக்கறாங்க. உங்க பொண்ணு நினைக்கற மாதிரி எல்லாரையும் முந்திட்டுப் போற படிப்பும் இல்ல. பழைய கணக்கு, ஒரே நாடு, அதனால தொகையை விட்டுடுங்க, அந்த ஏத்தத்தோட வடிவத்தை மட்டும் மனசுல வைங்க: மெதுவா கிளம்பி லேட்டா ஏறுது.

இங்கதாம்மா எனக்குக் கவலையே. சம்பளம் பத்து வருஷம் கழிச்சு ஏறும், ஆனா ஈஎம்ஐ படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே வாசல்ல வந்து நிக்கும். அதனால ஒரு பேப்பர எடுத்து மேல ஃபீஸ், அதுக்குக் கீழ வட்டி, அதுக்கும் கீழ படிக்கற வருஷங்கள்ல வேலைக்குப் போயிருந்தா வந்திருக்கற சம்பளம், இந்த மூணையும் எழுதுங்க, மூணாவதை நிறைய பேர் மறந்துடுவாங்க. அப்புறம் அவளுக்குக் கிடைக்கக்கூடிய சுமாரான முதல் சம்பளத்தைப் போட்டு, சாப்பாடு வாடகை போக மிச்சத்துல ஈஎம்ஐ அடங்குதான்னு பாருங்க. அடங்கலன்னா பாடத்தை மாத்தறதுக்கு முன்னாடி காலேஜை மாத்துங்க, ஃபீஸ் கம்மியான இடத்துல படிச்சாலும் அதே பிளேட்டோ, அதே காண்ட்தான்.

அப்புறம், எதோட ஒப்பிடறீங்க? யாரோ ஒரு இன்ஜினியரோட ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. உங்க பொண்ணு மனசில்லாம இன்ஜினியரிங் போனா எப்படிப் படிப்பா, அரியர் வைப்பாளா, பாதியில விட்டுட்டு வருவாளா, அந்தப் பொண்ணோடதான் ஒப்பிடணும்.

தத்துவ கிளாஸ்ல என்ன நடக்குதுன்னும் சொல்லிடறேன். அரைப் பக்கம் கொடுப்பாங்க. இவரு கடைசியா நிரூபிக்க வர்றது எது, அதுக்கு எந்தெந்த வரி முட்டுக் கொடுக்குது, வாயால சொல்லாம நைசா உள்ள வச்சிருக்கற அனுமானம் எது, அத உருவிட்டா மொத்தமும் நிக்குமா விழுமா, இதுலயே ஒரு மணி நேரம் ஓடிரும். ஒரு ஒப்பந்தத்தையோ இன்சூரன்ஸ் பாலிசியையோ பிரிச்சுப் படிக்கறவனுக்கு வேண்டியது இதே வேலைதான். அமெரிக்கா மாதிரி நாடுகள்ல மேல்படிப்புக்குச் சேர எழுதற ஜிஆர்இ தேர்வுல தத்துவம் படிச்சவங்க மொழித்திறன்லயும் எழுத்துலயும் வருஷா வருஷம் முன்னணில நிக்கறாங்க. படிப்பு அப்படி ஆக்குச்சா, அப்படிப்பட்ட பசங்கதான் அதுல சேர்றாங்களான்னா, ரெண்டும் கலந்துதான் இருக்கும்னு நான் நினைக்கறேன்.

ஆனா எந்த விளம்பரத்துலயும் “தத்துவம் தெரிஞ்ச ஆள் தேவை”ன்னு வராது. கதவைத் திறக்க இன்னொரு சாவி வேணும், புள்ளியியலோ கோடிங்கோ கணக்கியலோ சட்டமோ ஏதோ ஒண்ணு. ஆக்ஸ்ஃபோர்டுல 1920கள்லயே தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூணையும் சேத்து ஒரே டிகிரியா கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. பேராசிரியர் வேலைய மட்டும் நம்பி இறங்கறான்னா தடுங்க, இடம் ரொம்பக் கம்மி. கடன் அடங்குது, கூட ஒரு திறமையும் கத்துக்கறான்னா நான் தைரியமா சேத்துவிடச் சொல்வேன்.

கேள்வி: தத்துவம் முடிச்சுட்டு வேலை தேடறேன். “ஏன் இதைப் படிச்சீங்க”ன்னு இன்டர்வியூல கேட்டா வாயடைச்சுப் போகுது. என்ன சொல்றது?
– ஒரு வாசகர்

பதில்: “சிந்திக்கக் கத்துக்கிட்டேன்”னு சொல்லாதீங்க தம்பி, அத எல்லாரும்தான் சொல்றாங்க. நீங்க எழுதின ஒரு கட்டுரைய எடுத்துக்கங்க. என்ன கேள்வி, உங்களுக்கு எதிரா இருந்த ரொம்ப பலமான வாதம் எது, எந்த இடத்துல உங்க கருத்தை மாத்திக்கிட்டீங்க, இத ரெண்டு நிமிஷத்துல, ஒரு தத்துவவாதி பேரு கூட எடுக்காம சொல்லிப் பழகுங்க. வீட்டுல யாரையாவது உக்கார வச்சு சொல்லிப் பாருங்க, அவங்க குறுக்க ஒரு கேள்வி கேட்டாங்கன்னா புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.