சி.எஸ். படித்த சட்டம்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவன். சி.சுப்பிரமணியம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோவையில் வக்கீல், சென்னையில் மாநில அமைச்சர், பிறகு டெல்லியில் மத்திய அமைச்சர். ஆனால் எல்லோரும் அவரைப் பசுமைப் புரட்சிக்காகத்தான் நினைக்கிறார்கள். அவர் படித்த சட்டம் எதற்குப் பயன்பட்டது? வக்கீல்கள் அரசியலில் ஜெயிப்பது வாய்ச் சாமர்த்தியத்தால்தான் என்கிறார் என் நண்பர். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். சென்னைக்கு முன்பே அவர் டெல்லியைப் பார்த்துவிட்டார். 1936-இல் கோவையில் தொழிலைத் தொடங்கி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய்வந்தவர், டெல்லியில் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-இல்தான் சென்னை மாகாண அமைச்சரானார். பத்து வருடம் கழித்து, 1962-இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார்.

உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. நன்றாகப் பேசும் வக்கீல்கள் ஏராளம். பேச்சைவிட முக்கியமான வேறொரு பழக்கத்தைக் கோர்ட் கற்றுக்கொடுக்கிறது. இன்றைக்கு நிலத் தகராறு, நாளைக்கு மில் கணக்கு, அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ். எதிலும் வக்கீல் நிபுணர் கிடையாது. ஆனால் ராத்திரி உட்கார்ந்து கேஸ் கட்டைப் படித்து, தெரிந்தவரிடம் கேட்டுக் கேட்டு, காலையில் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். சி.எஸ். கடைசிவரை இதைத்தான் செய்தார் என்பது என் எண்ணம்.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவருக்கு உணவு, விவசாயத் துறையைக் கொடுத்தார். அதற்கு முன் அவர் பார்த்தது எஃகுத் துறை. 'விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, அதனால் சமாளித்தார்' என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரருக்குக் கோதுமை சொந்தப் பயிரா என்ன? அவர் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு 1965-இல் பி.பி.பால் என்ற விஞ்ஞானி வந்தது இவர் காலத்தில்தான். இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் அதே வருடம் பிறந்தன. விளைச்சல் கூடினால் விலை சரியும், அப்போது விவசாயியை யார் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு அவை பதில். எதிர்த்தரப்பு எந்த இடத்தில் மடக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கிற புத்தி இது.

எதிர்த்தரப்பு அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரிக்கு அந்நியச் செலாவணிக் கவலை. இடதுசாரிகளுக்கு வேறு சந்தேகங்கள். அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதை நம் மண்ணில் தேறுமா என்று கேட்டவர்களும் உண்டு. சி.எஸ். தன் அரசு பங்களாவின் புல்வெளியிலேயே அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். வாதம் எடுபடாத இடத்தில் சாட்சியை நேரில் கொண்டுவந்து நிறுத்துவதில்லையா, அதுதான். 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. அந்த வருடம் நாம் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கட்சிக்காரர் மாறினால் வக்கீலின் வாதமும் மாறும் என்ற குற்றச்சாட்டு அவர் மீதும் உண்டு. ராஜாஜி அமைச்சரவையின் முக்கியமான முகம் அவர். 1954-இல் ராஜாஜி விலகியபோது தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். காமராஜர் அவரையே தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை (குலக்கல்வி என்றால் உடனே புரியும்) வாபஸ் வாங்குவதாக அறிவித்த கல்வி அமைச்சர் இதே சி.எஸ்.! சிலர் இதைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள். தீர்ப்பு வந்தபின் அதை நிறைவேற்றுவது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மேலும், பதவியை விட்டுவிட முடியாதவர் இல்லை அவர். 1965 பிப்ரவரியில் இந்திப் பிரச்சினைக்காக இன்னொரு மத்திய அமைச்சர் ஓ.வி.அழகேசனோடு சேர்ந்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிறகு அது திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம் 1967 தேர்தல். அவருடைய தொகுதியில் கோதுமையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அரிசித் தட்டுப்பாடும் இந்தியும்தான் பேச்சு. தோற்றார். அடுத்த வருடமே கோதுமை விளைச்சல் சாதனை படைத்தது. 1968 ஜூலையில் 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. சி.எஸ். அப்போது அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

1971-இல் மக்களவைக்குத் திரும்பினார். நெருக்கடி நிலைக் காலத்தில் நிதியமைச்சராக இருந்தார். நீங்கள் சட்ட மாணவர் என்பதால் சொல்கிறேன், எனக்கு அவரோடு வழக்கு இருப்பது இங்கேதான். அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல், குடிமகன் தன் கைதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாத அந்த மாதங்களில் அமைச்சரவையிலேயே இருந்தார். 1998-இல் கிடைத்த பாரத ரத்னா இந்தக் கேள்வியை அழித்துவிடவில்லை. நீங்கள் கட்டுரை எழுதுவதாக இருந்தால் அந்த இரண்டு வருடங்களையும் விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்