பழைய கெப் வண்டிகளின் ஏசி, ஹீற்றர்: கேட்டவர்களுக்குப் பதில்

கச்சான் வெப்பக்காற்று தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பழைய ஹைலக்ஸ், டி21, எல்200 மாதிரி கெப் (பிக்கப்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கணினி கட்டுப்படுத்தும் புது வண்டிகள் என் கையில் இல்லை. ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன், கீழேயும் திரும்ப வரும்: ஏசி காஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது.

கேள்வி (கிண்ணியா): 91ஆம் ஆண்டு ஹைலக்ஸ். போன வருடமும் காஸ் அடித்தேன், இந்த வருடமும் அடித்தேன். காலையில் குளிர்கிறது, பதினொரு மணிக்குப் பிறகு சும்மா காற்றுத்தான் வருகிறது. கொம்பிரசர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பொறுங்கள் நானா, காசைக் கொடுக்க முதல் ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பொனெட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து கெபினுக்குள் போகிற இரண்டு ரப்பர் குழாய்களைக் கண்டுபிடியுங்கள், பெருவிரல் பருமனில் பக்கத்துப் பக்கத்தில் போகும். உள்ளே சூட்டு லீவரை முழுக் குளிருக்குத் தள்ளிவிட்டு, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கை போகாமல், அந்தக் குழாய்களைத் துணி வைத்து மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் வால்வு வைத்த பழைய கெப்களில் இரண்டும் சுட்டால் ஹீற்றர் வால்வு பூட்டவில்லை என்று அர்த்தம். ஏசி குளிராக்குகிற காற்றை அடுத்த பெட்டியிலேயே எஞ்சின் தண்ணீர் திரும்பச் சூடாக்கி அனுப்புகிறது. காலையில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் ஏசி எப்படியோ சமாளித்துவிடும், வெயில் ஏறினால் இரண்டு சூட்டையும் அதால் தாங்க முடியாது.

காரணம் அநேகமாக கேபிள்தான். லீவரிலிருந்து வால்வுக்குப் போகிற கேபிளின் வெளி உறையைப் பிடித்து வைக்கிற சின்ன கிளிப் கழன்றிருக்கும். லீவர் அசையும், வால்வு அசையாது. ஆளொருவரை உள்ளே இருத்தி லீவரைத் தள்ளச் சொல்லிவிட்டு வால்வின் கையைப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கை அசைந்தும் பூட்டவில்லையென்றால் உள்ளே உப்புப் படிந்திருக்கிறது. கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் வால்வுக்கு வருகிற கதி இதுதான். வால்வை மாற்றுங்கள், அது கொம்பிரசர் விலையில் கொஞ்சந்தான்.

கேள்வி (உப்புவெளி): ஓடும்போது நல்ல குளிர். பஸ் நிலையத்தடியில் நின்றால் சூடு. காஸ் குறைவா?

காஸைச் சந்தேகிக்க முதல் காற்றோட்டத்தைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டுவிட்டு, முன்னாலிருக்கிற, ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கொண்டென்சருக்கு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே உடனே குளிர் கூடினால் கொண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை. எஞ்சின் விசிறியின் கிளச் தளர்ந்திருக்கும், அல்லது கொண்டென்சருக்கு முன்னால் தனி மின்விசிறி இருந்தால் அது சுற்றாது, அல்லது தகடுகள் அடைத்திருக்கும். உப்புவெளி, நிலாவெளி வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது தகடுகளே வெள்ளைப் பொடியாகி, நகத்தால் தட்டினால் உதிர்வது. அதைக் கழுவிப் பயனில்லை. தகடு நன்றாக இருந்தால் குழாய்த் தண்ணீரால் எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்து அமுக்கத் தண்ணீரைக் கிட்டப் பிடித்தால் தகடு மடிந்துவிடும்.

கேள்வி (மூதூர்): எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காஸ் அடிக்க வேண்டும்?

அப்படியொரு கணக்கே இல்லை. தொடக்கத்தில் சொன்னதைப் பாருங்கள்: குறைந்தால் கசிகிறது.

கேள்வி (நிலாவெளி): என் வண்டிக்கு பழைய ஆர்12 காஸ். இப்போது கிடைப்பதில்லை. அப்படியே 134 அடிக்கலாமா?

அப்படியே அடிக்கக்கூடாது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்த பிறகு ஓசோன் காரணத்தால் ஆர்12 படிப்படியாக ஒதுக்கப்பட்டது. 90களின் நடுப்பகுதிக்குள் புது வண்டிகள் ஆர்134ஏக்கு மாறிவிட்டன. பழைய தொகுதியில் இருந்த மினரல் ஒயில் 134 உடன் கலக்காது. கலக்காவிட்டால் அது கொம்பிரசருக்குத் திரும்பி வராமல் எங்கேயாவது தேங்கி நிற்கும், கொம்பிரசர் காய்ந்து இறுகும். அதனால் பழைய ஒயிலை இயன்றவரை வடித்து, எஸ்டர் ஒயில் ஊற்றி, மூட்டுகளிலுள்ள ரப்பர் ஓ ரிங்குகளை மாற்றி, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும் கட்டாயம் புதிதாகப் போட்டு, உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கிற வெக்குவம் பம்பை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் காஸ். அளவும் பழைய அளவில் 80 முதல் 90 வீதம் போதும். நிறை பார்த்து அடிக்கிற ஆளிடம் போங்கள். வெக்குவம் பிடிக்காமல் காஸ் கானைச் சொருகுகிற ஆளிடம் போகவே வேண்டாம், உள்ளே மிஞ்சுகிற ஈரம் காஸோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும்.

கேள்வி (கந்தளாய்): மரக்கறி ஏற்ற நுவரெலியா போய் வருகிறோம். விடியற்காலை கண்ணாடி முழுக்கப் பனிப்புகார். ஹீற்றரைப் போட்டால் இளஞ்சூடுதான். ஹீற்றர் பழுதா அண்ணன்?

தம்பி, ஹீற்றரைக் கழற்ற முதல் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் எஞ்சின் சூடேறுகிறது என்று போனால் முதலில் அதைத்தான் கழற்றி எறிகிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது அநேக எஞ்சின்களில் 80 பாகையைச் சுற்றித் திறக்கிற வால்வு. அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேற்றருக்குள் ஓடி, மலையில் எஞ்சின் சூடாகவே மாட்டாது, டீசலும் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அவற்றில் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவந்து, இங்கே வெயிலில் சூடு இன்னும் ஏறும். சூடேறினால் ரேடியேற்றர், மூடி, விசிறி, தண்ணீர் பம்ப் என்று தேடுங்கள். தெர்மோஸ்டாட்டைப் போட்ட பிறகும் ஹீற்றர் சுடாவிட்டால் தண்ணீர் மட்டத்தையும் உள்ளே காற்று அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இந்தப் பதிலுக்குக் கீழே உப்புவெளிக்காரர் எழுதினார்: திருகோணமலையில் ஹீற்றர் எதற்கு, நான் ஹீற்றர் குழாயை மடித்துக் கம்பியால் கட்டிவிட்டேன், ஏசி பிரமாதம், எல்லோரும் அப்படியே செய்யுங்கள் என்று. அதற்குப் பிறகு ஆளாளுக்குச் சண்டை. கந்தளாய்த் தம்பி மலைக்குப் போகிறவன் என்ன செய்வது என்று கேட்க, கிண்ணியா நானா தனக்கும் கட்டினால் போதுமா என்று கேட்க, இன்னொருவர் எஞ்சின் வெடிக்கும் என்று பயமுறுத்த, என் இரண்டு மாலை அதிலேயே போய்விட்டது.

என் நிலைப்பாடு இதுதான். எஞ்சின் வெடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் மடித்துக் கம்பி கட்டுவது கட்டாயம் தவறு. மடித்த இடத்தில் ரப்பர் வெடிக்கும். ஹபரணைக் காட்டு வழியில் தண்ணீர் முழுக்கக் கொட்டினால் எஞ்சின் தலை (சிலிண்டர் ஹெட்) சூட்டில் வளைந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ஹீற்றர் உண்மையாகவே ஒழுகுகிறது, உடனே மாற்ற வசதியில்லை என்றால் எஞ்சினிலிருந்து வருகிற இரண்டு முனைகளையும் ஒரே குழாயால் வளைத்து இணைத்து கிளாம்ப் போடுங்கள், தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். அது தற்காலிகம். ஏற்றத்தில் சூடுகாட்டும் ஊசி சிவப்பை நெருங்கும்போது ஏசியை நிறுத்தி ஹீற்றரை முழுதாகத் திறந்தால் அதுவும் ஒரு சின்ன ரேடியேற்றராக வேலை செய்து உங்களை நகரம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அந்த உதவியைக் கம்பி போட்டுக் கட்டாதீர்கள். அப்படியும் சூடேறி நின்றால், சுடச்சுட ரேடியேற்றர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். முகம் வெந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

உப்புவெளிக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வண்டி அவருடையது.

கேள்வி (குச்சவெளி): இடப்பக்கம் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர். காஸா?

காஸ் தண்ணீராக ஒழுகாது. தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசிப் பெட்டியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது, கீழிருந்து மெதுவாக ஊதி எடுங்கள். பிசுபிசுப்பும் நிறமும் இருந்து இனிப்பு மணமும் அடித்தால் ஹீற்றர் ஒழுகுகிறது.

கேள்வி (சீனக்குடா): விசிறி நாலாம் நம்பரில் மட்டும் சுற்றுகிறது.

விசிறியின் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் போய்விட்டது. விசிறி இருக்கிற புளோவர் பெட்டியிலேயே காற்று படுகிற இடத்தில் திருகியிருக்கும். மாற்றுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): காஸ் இரண்டு மாதத்தில் முடிகிறது. கொஞ்சம் கூட அடித்தால் நீண்ட நாள் இருக்குமா?

இதே கேள்வியை இந்த வாரம் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! இருக்காது. கூட அடித்தால் அமுக்கம் ஏறி கொம்பிரசர் திணறும், குளிரும் குறையும். காஸோடு சேர்ந்து ஒயிலும் வெளியே வருவதால், கசிகிற இடத்தில் எண்ணெய் பிடித்த தூசி கறுப்பாக ஒட்டியிருக்கும். குழாய் அலுமினியத்தோடு சேர்கிற நெளிவுகளையும் கொம்பிரசரின் முன்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள், சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி வருகிற இடத்தைச் சரிசெய்யுங்கள். காஸ் குறைந்தால் கொம்பிரசரை நிறுத்துகிற சுவிட்சை ஷோர்ட் பண்ணி ஓடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், ஒயிலைக் கொண்டு திரிவதே அந்தக் காஸ்தான், அது இல்லாமல் ஓடினால் கொம்பிரசர் போய்விடும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சமையல் காஸ் அடித்தால் மலிவு, நன்றாகவும் குளிர்கிறதாம். உண்மையா?

குளிரும். ஆனால் ஏசியின் குளிர்ப்பெட்டி இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால், உங்கள் முழங்காலுக்கு நேரே. அது கசிந்தால் எரிகாஸ் மூடிய கெபினுக்குள் நிறையும், பக்கத்தில் இருப்பவர் சிகரெட் பற்றவைத்தால் போதும். ஏற்கனவே அடித்திருந்தால் தயவுசெய்து வண்டியைப் பாவிக்காமல், தெரிந்த ஏசிக்காரரிடம் விசயத்தைச் சொல்லித் திறந்த வெளியில் இறக்குங்கள். மறைத்துக் கொடுத்தால் வேலை செய்கிற பையனுக்கும் ஆபத்து.