கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்: கேள்வி பதில்

பேரிடர்கள், மீண்டெழுந்த உயிரினங்கள் பற்றிய சிறுவர் நூல்கள் குறித்த கேள்விகளுக்கு, கோத்தகிரியில் சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்தும் ஓய்வுபெற்ற நூலகர் பதிலளிக்கிறார்.

ஐயா, எரிமலை, மண்சரிவு பற்றிய புத்தகத்தைப் படித்ததிலிருந்து என் எட்டு வயது மகள் மழை இரவுகளில் தூங்குவதில்லை. இத்தகைய நூல்களை நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், குன்னூர்)

வேண்டாம். 2009 நவம்பர் மண்சரிவைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசியதை அவள் கேட்டிருப்பாள். பயத்துக்குப் புத்தகம் மட்டும் காரணமல்ல. கடையில் நான் முதலில் புரட்டுவது கடைசி அத்தியாயத்தைத்தான். இடிபாடுகளின் படத்தோடு முடிந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுவேன். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்து 57 பேரைப் பலிகொண்டது. ஆனால் வளைக்குள் இருந்த கோஃபர் எலிகளில் சில பிழைத்தன. அவை தோண்டத் தோண்டச் சாம்பலுக்கு அடியில் கிடந்த பழைய மண் மேலே வந்தது, விதைகள் அதில் வேர்பிடித்தன. தேயிலைத் தோட்ட ஓரத்தில் பெருச்சாளி தள்ளிய மண்மேட்டைக் காட்டிவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தாத்தா, கடலில் எண்ணெய் கொட்டினால் நீர்நாய் ஏன் சாகிறது? அதற்குத்தான் நீந்தத் தெரியுமே! (ஐந்தாம் வகுப்பு மாணவன், உதகை)

நல்ல கேள்வி, தம்பி. திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் கடல் நீர்நாய்க்குக் கொழுப்புப் போர்வை கிடையாது. அடர்ந்த ரோமத்துக்குள் தங்கும் காற்றுதான் அதன் கம்பளி. எண்ணெய் பட்டதும் ரோமம் ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்த நீர் தோலைத் தொட்டுவிடும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் இறந்தன. அங்கே அவை மீள ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆயின. ஆனால் அதே கடலில் வாழும் ஏ.டி.1 என்ற ஓர்கா (கொலையாளித் திமிங்கிலம்) கூட்டத்தில் அதன்பின் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. உன் புத்தகத்தில் இது இல்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் எழுதி வை. நூலகப் புத்தகம் என்றால் வேண்டாம், திட்டு எனக்குத்தான் விழும்.

ஆறு வயதுக்குப் படம் போதுமா? (கொடைக்கானல்)

போதும். பக்கத்தில் உட்கார்ந்து கதையை நீங்கள் சொல்லுங்கள்.

எல்லாமே வெளிநாட்டுக் கதைகள். நம் பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லையா? (ஆசிரியை, கூடலூர்)

பாறு கழுகு இருக்கிறதே, அம்மா! இடியும் இல்லை, புகையும் இல்லை என்பதால் அதைப் பேரிடர் என்று யாரும் நினைக்கவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. மீண்டுவிட்டன என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள், பிழைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வரையாடுகள் 1,031 என்கிறது பேரனின் ஒரு புத்தகம், 1,303 என்கிறது இன்னொன்று. எது பிழை? (கோத்தகிரி)

இரண்டும் சரி. முன்னது 2024 கணக்கெடுப்பு, பின்னது 2025. கூடிய 272 ஆடுகளும் ஓராண்டில் பிறந்த குட்டிகள் அல்ல. இரண்டாம் முறை தேடிய இடங்களும் கூடுதல். ஆண்டைப் போடாமல் எண்ணை மட்டும் அச்சிட்ட புத்தகத்தைப் பேரனுக்கு வாங்காதீர்கள்.