மொட்டை மாடியில் விளக்கு, பிளக் பாயிண்ட் எங்கெங்கே வைப்பது?

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மேல்தளம் கான்கிரீட் போட்டாயிற்று, கைப்பிடிச் சுவரும் எழுப்பியாயிற்று. பூச்சு வேலை பாக்கி. மொட்டை மாடிக்கு எத்தனை விளக்கு, எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும்? எங்கே வைக்கலாம்?

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பூச்சு முடிந்து தளத்தில் தட்டோடும் பதித்துவிட்டால், அப்புறம் ஒரு பைப் விடுவதற்கும் எதையாவது உடைத்தாக வேண்டும். தட்டோட்டை வெட்டிப் பைப் புதைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மழைத்தண்ணீர் அந்த வெட்டில்தான் முதலில் இறங்கும். பைப் எல்லாம் கைப்பிடிச் சுவருக்குள்ளேயே சுற்றி வரட்டும்.

எத்தனை விளக்கு என்று எண்ணுவதற்கு முன், மாடிக்குத் தனி லைன் கேளுங்கள். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற பெட்டி) அதற்கென்று ஒரு எம்சிபி (லோடு அதிகமானால் தானே அணைகிற சுவிட்ச்), ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச்).

எங்கள் வீடு கடலூரில். மாடி விளக்கைப் படுக்கையறை லைனிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள், வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி. குடிவந்த வருடம் ஐப்பசி அடைமழையில், ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாம் ஒரேயடியாக அணைந்தது. லிவரைத் தூக்கிவிட்டால் நிற்கவில்லை. ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மறுநாள் காலை மாடி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதில் எறும்பு முட்டைகள் மிதந்தன. ஒயர் இணைப்பில் சுற்றியிருந்த டேப் பிசுபிசுவென்று உரிந்து தொங்கியது. ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தனி லைன் இருந்திருந்தால் மாடியோடு போயிருக்கும்.

இதில் எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாடியின் ஆர்சிசிபிக்குக் கரண்ட் வீட்டு ஆர்சிசிபி வழியாக வரக்கூடாது, தனியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி வந்தால் மாடியில் கசிவு ஏற்படும்போது வீட்டுடையதும் சேர்ந்து விழக்கூடும். அடுத்தது நியூட்ரல். போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. மாடி நியூட்ரலை வேறு லைனோடு முடிச்சுப் போட்டால் பழுதே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள், ஆளைக் காப்பாற்றுவது அந்த அளவுதான். 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. வெறும் எம்சிபி அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது, பச்சை எர்த் ஒயர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் வந்தே ஆக வேண்டும்.

பிளக் பாயிண்ட் இரண்டு போதும். வாஷிங் மெஷின் மாடிக்கு வரும் என்றால் ஹெட்ரூம் (படிக்கட்டு மாடியில் முடிகிற சின்ன அறை) ஓரமாக 16 ஆம்பியரில் ஒன்று, அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். எந்தச் சுவர் என்பது முக்கியம். எங்கள் கடற்கரைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்வாக அடிக்கும், கிழக்கு, வடக்குச் சுவர்கள் தொப்பலாக நனையும். ஹெட்ரூமின் தெற்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் வைத்தோம், இன்றுவரை தொந்தரவில்லை. மூடியுள்ள, ஐபி55-க்குக் குறையாத பாக்ஸ் வாங்குங்கள் (ஐபி எண் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது). பிளக் செருகியிருக்கும்போதும் மூடி மூடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பைப் பாக்ஸுக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் பைப்பில் இறங்குகிற தண்ணீர் நேராக உள்ளே போகும். கடல் காற்று உள்ள ஊரென்றால் இரும்புப் பாக்ஸே வேண்டாம்.

இரண்டாவது பாயிண்டைத் தெருப் பக்கம் கைப்பிடிச் சுவரின் உள்முகத்தில் வைத்து, சுவிட்சைக் கீழே வீட்டுக்குள் கொடுங்கள். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் சீரியல் செட் போட அதுதான். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடும் வேலை இருக்காது.

விளக்கு குறைவாக இருந்தாலே மாடி நன்றாக இருக்கும். 600 சதுர அடிக்கு 5, 6 வாட்டில் நான்கு சுவர் விளக்கு எங்களுக்கு ஏராளம். தரையைப் பார்த்து வெளிச்சம் விழுகிற மாதிரி, கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் தாழ்வாக. உயரமான கம்பத்தில் ஃப்ளட் லைட் வைத்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் போய் அடிக்கும், தயவுசெய்து வேண்டாம். நிறம் 3000 கெல்வின் மஞ்சள். முதலில் 6500 வெள்ளை போட்டிருந்தோம். மழை விட்ட ராத்திரி ஈசல் மொய்த்து, காலையில் விளக்கடியில் இறக்கைகளாகக் குவிந்து கிடக்கும், அள்ளித்தான் கொட்ட வேண்டும். மஞ்சளுக்கு மாற்றியபின் வெகுவாகக் குறைந்தது. மழையில் நனைகிற விளக்கு ஐபி65 ஆக இருக்கட்டும். 6 தூசி புகாது என்பதைச் சொல்கிறது, 5 தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும் என்பதை.

படிக்கட்டு விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என டூவே சுவிட்ச் கட்டாயம். அதை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் துணி எடுக்க ஓடுகிறவர்களுக்கு உதவும். தண்ணீர்த் தொட்டி பக்கமும் சின்னதாக ஒரு விளக்கு.

இப்போது சோலார் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் மாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு காலிப் பைப் விட்டுவையுங்கள். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானபின் எங்கள் தெருவில் பலர் விசாரிக்கிறார்கள். பைப் விடாதவர்கள் வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்துத்தான் இறக்க வேண்டும்.

பூசுவதற்கு முதல் நாள் மாலை, அளவு டேப்பைச் சுவரோடு பிடித்துப் பைப் போகிற வழியெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கொடிக்குக் கொக்கி அடிக்க ட்ரில் போடும் அன்று அந்தப் போட்டோவைத்தான் தேடுவீர்கள்.