ராஜாக்களைத் தள்ளுகிறவர் கர்த்தர். நாமினி போடவேண்டியது யார்?

கேள்வி: எனக்கு 56 வயது. கணவர் போன வருடம் 60 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷன் வருகிறது. கையில் வந்த 28 லட்சத்தையும் ஊரிலுள்ள ஒரே கூட்டுறவு வங்கியில் எஃப்டி போட்டிருக்கிறோம். 2016-ல் நோட்டு செல்லாது என்றபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. நாளைக்கு ஆட்சியில் இருப்பவர்கள் என்ன செய்வார்களோ என்று பயமாக இருப்பதால், எல்லாவற்றையும் நகையாக்கி லாக்கரில் வைக்கலாமா? கணவரோ, “ராஜாக்களைத் தள்ளுகிறவரும் ஏற்படுத்துகிறவரும் கர்த்தர், நீ ஏன் கலங்குகிறாய்?” என்று சொல்லி உயில், நாமினி எதையும் தொட மறுக்கிறார். வீட்டுக் கடன் 6 லட்சம் பாக்கி. ஆலயக் கட்டுமானத்துக்கு 5 லட்சம் தருவதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறோம். நகைக் கடன் எடுத்து அதை உடனே கொடுத்துவிடலாமா? ஒரு மகன், ஒரு மகள்.
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்லும் வசனம் சரி. ஆனால் அதைச் சொன்ன தானியேல், ராஜ்யத்தின் கணக்கை வாங்கும் மூன்று பிரதானிகளில் ஒருவராக இருந்தவர். விரோதிகள் துருவித் துருவிப் பார்த்தும் அவரிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ராஜாக்கள் கர்த்தர் கையில் இருக்கிறார்கள் என்று நம்பியவர் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தார்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் பொருத்தமானவர் எரேமியா தீர்க்கதரிசி. 32-ஆம் அதிகாரத்தை இன்று இரவு இருவரும் சேர்ந்து வாசியுங்கள். சிதேக்கியா அரசாண்ட 10-ஆம் வருடம். எருசலேமைச் சுற்றி பாபிலோன் படை. நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவலில் கிடக்கிறார். படையெடுத்து வந்த நேபுகாத்நேச்சாரையே கர்த்தர் தம் ஊழியக்காரன் என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரிப் படை வந்து நிற்கும் ஊரில் நிலம்! நானாக இருந்தால் வேண்டாம் என்றுதான் ஆலோசனை சொல்லியிருப்பேன். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அப்புறம் செய்ததுதான் நமக்கு முக்கியம். பத்திரம் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். ஆட்சி போகப்போகிறது என்று தெரிந்த மனிதர் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறார். உங்கள் கணவரும் உயில் எழுதினால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, நகைக்கு வருவோம். 2016 நவம்பர் 8-ல் செல்லாமல் போனது 500, 1000 ரூபாய் நோட்டுகள். எஃப்டியில் இருந்த பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி என்று முதல் நாளே ஒரு பங்கு போய்விடும். 2013-ல் உச்ச விலையில் வாங்கியவர்கள் அந்த விலையை மறுபடி பார்க்கப் பல வருடம் காத்திருந்தார்கள். லாக்கரில் வைத்தது திருட்டுப் போனாலோ தீயில் அழிந்தாலோ, வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த தாலந்து பணத்தை மண்ணில் புதைத்தவனிடம், காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்றுதான் எஜமான் கேட்டார். மகள் கல்யாணத்துக்கு வேண்டிய நகை இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பயம் உங்கள் எஃப்டியை நினைத்துத்தான். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அது வங்கியே இல்லாமல் கூட்டுறவுக் கடன் சங்கமாக இருந்தால் அந்தக் காப்பீடும் கிடையாது. முதலில் ரசீதை எடுத்து அதைப் பாருங்கள். சங்கம் என்றால் அங்கே ஒன்றும் விடவேண்டாம். வங்கிதான் என்றால் நாலரை லட்சத்தை மட்டும் விட்டு, மற்றதை முதிர்வு தேதி வர வர எடுத்துவிடுங்கள். 6 லட்சத்தில் வீட்டுக் கடனை அடையுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. இரண்டரை லட்சம் ஆபத்துக்கு, வேறொரு வங்கியில். மீதி 15 லட்சம் கணவர் பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி 5 வருடத்துக்கும் மாறாது. 8.2% என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய். அரசுக்குப் பயந்து அரசிடமே போடச் சொல்கிறேனே என்று சிரிப்பீர்கள். ரோமப் பேரரசனான இராயன் தலை பதித்த காசில்தானே அன்று எருசலேமிலும் வரி கட்டினார்கள்!

பொருத்தனைக்கு நகைக் கடன் கண்டிப்பாக வேண்டாம். இல்லாததிலிருந்து கொடுக்கும்படி பவுல் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வட்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25,000 கொடுத்தால் 5 வருடத்தில் 5 லட்சம் முடிந்துவிடும். உங்கள் சபையின் சேகரகுருவிடம் (போதகரிடம்) நேரில் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஆலயக் காணிக்கைக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை.

கடைசியாக உயில். கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்ற இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது வீடு கணவர் பெயரில் இருந்தால், அவருக்குப் பின் அதை விற்க உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. முழு வீடும் உங்களுக்கு வரவேண்டும் என்று அவர் நினைத்தால் எழுதத்தான் வேண்டும். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயிலும் நாமினியும் இரண்டும் தேவைப்படுவது அதனால்தான்.

இந்த வாரம் பாஸ்புக்குகளை எடுத்து, நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அதில் என்றைக்கோ காலமாகிவிட்ட அம்மாவின் பெயர்தான் இருக்கிறது.