சம்பளம் கூட்டிக் கேட்பது பெருமையா? கிறிஸ்தவனுக்குத் தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியைப் பார்த்தால், முதலாளியும் உங்கள் ஜெபக்குழுவில்தான் இருக்கிறார், சம்பளம் கேட்டதும் 'பெருமையுள்ளவர்களைக் கடவுள் எதிர்த்து நிற்கிறார்' என்ற பைபிள் வசனத்தை எடுத்து வீசிவிட்டார் என்று தோன்றுகிறது. என் யூகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் இதே வசனம் எங்கள் வீட்டு மேலும் விழுந்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பாம்பன் பக்கம், கத்தோலிக்கர். மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். முதலில் வருவது அகங்காரம், அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. யார் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

அம்மா பாசி எடுப்பவர். தீவு ஓரத்துப் பாறைகளில் முங்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. துணி சுற்றினாலும் நகக்கண்ணில் வெட்டு விழும், மறுநாளும் உப்புத்தண்ணீரில் இறங்கினால் எங்கே ஆறுவது? (இதைப் படம் பிடிக்க வருகிறவர்கள் வேறு, "இன்னொரு தடவை முங்குங்கம்மா, லைட் சரியில்லை" என்பார்கள். அனுப்புகிறோம் என்று சொன்ன போட்டோ ஒன்றுகூட வந்ததில்லை. சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.) காயவைத்து எடைக்குக் கொண்டுபோனால் வியாபாரி ஈரம், மண் என்று சொல்லிக் கழிப்பார். ஒருநாள் அம்மா ஒரு பிடியை அள்ளி அவர் முன்னாலேயே முறித்துக் காட்டி, "அண்ணே, சருகாக் காஞ்சு கெடக்கு, இதுல எங்க ஈரம்னு மூணு கிலோவைக் கழிக்கிறீக?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வியாபாரி கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். "பெருமையுள்ளவங்களைக் கடவுள் எதிர்த்து நிக்கிறாரு. யாக்கோபு சொன்னது, தெரியும்ல?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் கப்சிப்.

அது பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதத்தின் நாலாம் அதிகாரம். அடுத்த அதிகாரத்திலேயே, வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதில் விழுந்துவிட்டது என்று அதே ஆள்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிக் காட்டுவதில்லை. தலைமைக் குருவின் வீட்டில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசுவே சும்மா இருக்கவில்லை. நான் பேசியது தவறென்றால் காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அவருக்கா தாழ்ச்சி இல்லை?

எங்கள் மாவட்டத்து ஓரியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உயிர்விட்ட புனிதர் அருளானந்தர் என்ற குரு 1647-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் வளர்ந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, ஊர் ஊராக அலைந்தார். ஆனால் பல மனைவிகள் இருந்த தடியத்தேவர் என்ற இளவரசர் விஷயத்தில், ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று சொன்னதை ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் கோபத்துக்குப் பயந்து மாற்றிக்கொள்ளவில்லை. 1693-இல் தலை போனது.

உடனே, அம்மா திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் அன்று குரு செய்கிற பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் விதியை மாற்றினார். அப்புறம் ஒரு வருடம் எங்கள் பங்குக் கோயிலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். "சாமி என் காலைத் தொடுறதா?" என்று மறுத்துவிட்டார். "பேதுருவும் இப்படித்தான் அடம்பிடிச்சாரும்மா" என்று பங்குச்சாமி சிரித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டு, அன்று மத்தியானம் தேங்காய் நாரும் சோப்புமாகக் காலைத் தேய்தேய் என்று தேய்த்தார். பாறை கிழித்த வெடிப்புகளில் இருந்த கறுப்பு போகவே இல்லை. சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் கூசிப்போய் உட்கார்ந்திருந்தார். தராசு முன்னால் பேசியவரும் இவரும் ஒரே ஆள்தான்.

நான் ஒன்றும் வேதம் படித்தவன் இல்லை. குருக்கள்மேல் குறை சொல்கிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம், அம்மாவை உட்காரவைத்ததே ஒரு சாமியார்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடையே என்னால்தான் ஓடுகிறது, மற்றவன் எல்லாம் தண்டம் என்று பேசியிருந்தால் அவர் கண்டித்தது நியாயம். இத்தனை வேலை பார்த்தேன், இவ்வளவு வர வேண்டும் என்பது வெறும் கணக்கு. அதைத் தாளில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். அவர் மறுபடியும் யாக்கோபை இழுத்தால், ஐந்தாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.